கட்டற்ற மென்பொருளின் கையேட்டை எந்த வடிவத்தில் எழுதுவது?

கேள்வி

"கட்டளைவரியில் ஓடும் ஒரு கருவியையும் அதன் நிரலகத்தையும் (மற்ற நிரல்கள் அழைக்கும் லைப்ரரி) பராமரிக்கிறேன். கையேடு பாதி விக்கியில், பாதி ஓடிடி கோப்பில் கிடக்கிறது. மொத்தத்தையும் மார்க்டவுனுக்கு (எளிய குறிகள் போட்ட வெறும் உரைக்கு) மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். மார்க்டவுன் இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு? உருப்படியான காரணம் இருந்தால் சொல்லுங்கள்."

பிப்ரவரி 4

காரணம் இருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பொருந்துமா என்பது வேறு. முதலில் விக்கியிலிருந்தும் ஓடிடியிலிருந்தும் வெளியே வாருங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லிப்ரெஆபிஸின் ஆவண வடிவமான ஓடிடி என்பது ஒரு ஜிப் பொதிக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் போட்டால் "பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். யார் எந்தப் பத்தியைத் திருத்தினார்கள் என்பதே தெரியாத கையேட்டுக்கு யார் பேட்ச் (திருத்தம்) அனுப்புவார்கள்? ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கும் எஃப்ஓடிடி என்று ஒன்று உண்டு. அதில் டிஃப் (என்ன மாறியது என்ற பட்டியல்) பார்த்தால் திருத்திய சொல்லைவிட மாறிய ஸ்டைல் எண்கள்தான் அதிகம் தெரியும்.

பிப்ரவரி 4, இரவு

லிப்ரெஆபிஸ்காரர்கள் தங்கள் வழிகாட்டிகளை ஓடிடியில்தானே எழுதுகிறார்கள் என்று இதை வாசித்த ஒருவர் மடக்கியிருக்கிறார். உண்மைதான். அவர்கள் எழுதுவதே அந்த மென்பொருளைப் பற்றி, வாசிப்பவர்கள் கையிலும் அதே மென்பொருள் இருக்கிறது. கட்டளைவரிக் கருவிக்கு அந்த நியாயம் ஒட்டாது.

பிப்ரவரி 6

சரி, மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டபோது அது வலைப்பதிவு எழுதுகிறவர்களுக்கான வசதி. விதிகளையும் அவர் ஓரளவுக்கு மேல் இறுக்கமாக எழுதவில்லை, அதனால் ஆளுக்கொரு மார்க்டவுன் முளைத்தது. 2014இல் காமன்மார்க் வந்து ஒரு தெளிவான விவரக்குறிப்பு கிடைத்தது, 2017இல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப் தன் வகையை அதன் மேல் கட்டி எழுதி வெளியிட்டது. இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், இல்லை.

உதாரணத்துக்கு ஒரு பட்டியலுக்குள் பட்டியல் போடுங்கள், உள் வரிகளை இரண்டு இடைவெளி தள்ளி எழுதுங்கள். கிட்ஹபில் அழகாக உள்ளே தள்ளித் தெரியும். அதே கோப்பை, மார்க்டவுனைத் தளமாக்கும் கருவியான எம்கேடாக்ஸில் ஓட்டினால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். அது பயன்படுத்தும் பைத்தான்-மார்க்டவுன் பழைய வழக்கப்படி நான்கு இடைவெளி எதிர்பார்க்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. தப்பாகத் தெரிகிறது என்பதே யாராவது பக்கத்தைத் திறந்து வாசித்தால்தான் தெரியும். மார்க்டவுனில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்: எதை எழுதினாலும் அது செல்லுபடியாகும் மார்க்டவுன்தான். தவறு என்று ஒன்று அதற்குக் கிடையாது.

அட்டவணை? காமன்மார்க்கில் இல்லை. அடிக்குறிப்பு? இல்லை. எச்சரிக்கைப் பெட்டி? இல்லை. எல்லாமே யாரோ ஒருவருடைய நீட்சி (எக்ஸ்டென்ஷன்).

பிப்ரவரி 7

இத்தனையும் சொன்ன பிறகும் உங்கள் கேள்விக்கு என் பதில் "மார்க்டவுனிலேயே ஆரம்பியுங்கள்" என்று வரக்கூடும். இப்போதே முடிவு சொல்ல மனசில்லை. எத்தனை பக்கம், பக்கங்களுக்குள் எவ்வளவு குறுக்கு இணைப்பு, மொழிபெயர்ப்பு உண்டா, இதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9

அறுபது பக்கத்துக்கு மேல், நிரலகத்தின் செயற்கூறு (ஃபங்ஷன்) விவரங்கள் தனி, மொழிபெயர்க்க இரண்டு பேர் தயார் என்கிறீர்கள். அப்படியானால் கதை மாறுகிறது.

மார்க்டவுன் மாதிரியே இன்னொரு குறியீட்டு மொழியான ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டைப் பார்த்தே ஆகவேண்டும் (கை வலிக்கிறது, இனி ஆர்எஸ்டி). டேவிட் குட்ஜர் பைத்தான் நிரல்மொழி உலகத்துக்காக வகுத்தது. பைத்தானின் சொந்தக் கையேடு 2007 வரை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தது. அதை ஆர்எஸ்டிக்குக் கொண்டுவரும் வேலைக்காக கியோர்க் பிராண்டல் எழுதிய, ஆர்எஸ்டி கோப்புகளைத் தளமாக்கும் கருவிதான் ஸ்பிங்க்ஸ், 2008இல் பொதுவில் வந்தது. லினக்ஸ் கெர்னல் 2016இல் டாக்புக் (எக்ஸ்எம்எல் குறிகளில் எழுதும் ஆவண வடிவம்) வார்ப்புருக்களை விட்டு இதற்கு நகரத் தொடங்கியது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டமும் இதில்தான்.

ஆர்எஸ்டி எழுதச் சுகமான வடிவம் என்று நான் சொல்லமாட்டேன். தடித்த எழுத்துக்குள் லிங்க் வைக்க முடியாது, குறிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவே முடியாது. லிங்கின் கடைசியில் ஒரு கீழ்க்கோடு, அதை மறந்தால் லிங்க் இல்லை. ஒற்றைப் பின்குறிக்குள் (பேக்டிக்) எழுதினால் மார்க்டவுனில் நிரல் எழுத்து, இங்கே சாய்ந்த எழுத்து. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள், நீங்கள் ஒவ்வொரு புல் ரெக்வெஸ்டிலும் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) "இங்கே இரட்டைப் பின்குறி வேண்டும்" என்று எழுதிக்கொண்டே இருப்பீர்கள். பழைய கமென்ட்களைப் புரட்டிப் பார்த்தால் நான் அதிகம் தட்டச்சு செய்த வாக்கியமே அதுவாகத்தான் இருக்கும்.

ஆனாலும் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கை கொடுக்கும். ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினீர்கள், வேறு எட்டுப் பக்கங்கள் அதைச் சுட்டுகின்றன. எட்டு இடத்தையும் கோப்புப் பெயர், வரி எண்ணோடு சொல்லும். எச்சரிக்கையைப் பிழையாகக் கருது என்று ஒரு தெரிவைக் கொடுத்தால் பில்டே (கையேட்டை உருவாக்கும் ஓட்டமே) தோல்வியில் முடியும். அறுபது பக்கக் கையேட்டுக்கு, என் அனுபவத்தில், மற்ற எல்லா வசதியையும் இதற்காக விட்டுக்கொடுக்கலாம்.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே "விட்டுக்கொடுக்கலாம்" என்றது கொஞ்சம் மிகை. மார்க்டவுன் கருவிகளிலும் இப்போது உடைந்த லிங்கைச் சொல்கிறவை இருக்கின்றன. ஸ்பிங்க்ஸுக்கே மிஸ்ட் என்ற மார்க்டவுன் வாசிப்பான் இருக்கிறது. அதைப் போட்டால் மேலே மார்க்டவுன், அடியில் அதே ஸ்பிங்க்ஸ் இயந்திரம். ஆக, குறியீட்டு மொழி ஒன்று, அதைப் பில்ட் செய்யும் கருவி வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வாதம் எங்கேயும் முடிவதில்லை.

பிப்ரவரி 11

ஆஸ்கிடாக் என்ற குறியீட்டு மொழியை ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டவருக்கு: பேசலாம். ஸ்டூவர்ட் ராக்ஹாம் 2002இல் தொடங்கியது, டாக்புக்கைச் சுருக்கமாக எழுதுகிற சுருக்கெழுத்து மாதிரி. பிறகு ஆஸ்கிடாக்டர் என்ற ரூபி நிரல் வந்துதான் அதற்குப் புத்துயிர். கிட்டின் கையேடு முழுக்க ஆஸ்கிடாக், மேன் பக்கங்களும் (கட்டளைவரியிலேயே திறக்கும் உதவிப் பக்கங்கள்) அதிலிருந்தே பிறக்கின்றன. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2021 ஜனவரியில் டாக்புக்கிலிருந்து ஆஸ்கிடாக்குக்கு வந்தது. எச்சரிக்கைப் பெட்டி, நிபந்தனைப் பகுதி, வேறு கோப்பிலிருந்து ஒரு துண்டை மட்டும் இழுத்து வைப்பது, நிரலின் வரிக்கு எண் போட்டுக் கீழே விளக்குவது எல்லாம் மொழிக்குள்ளேயே இருக்கின்றன, நீட்சி தேவையில்லை. மொழியாக மட்டும் பார்த்தால் எனக்கு இதுதான் பிடித்தது.

பிடிக்காதது: கிட்ஹபில் ஆஸ்கிடாக் கோப்பைத் திறந்தால் அழகாகத் தெரியும், ஆனால் வேறு கோப்பை இழுக்கும் வரிகளை அது கண்டுகொள்ளாது. பாதி உள்ளடக்கம் அப்படி இழுக்கப்பட்டதாக இருந்தால் அங்கே வாசிப்பவருக்கு ஓட்டைகள்தான். ஸ்பிங்க்ஸுக்கும் இதே கதை, அதன் சிறப்புக் கட்டளைகளைக் கிட்ஹப் அறியாது. அங்கேயே வாசித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர், அவர்களை மறந்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 12

டாக்புக் செத்துவிட்டது என்று யாரோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு இன்றும் டாக்புக் எக்ஸ்எம்எல், பிஎச்பி நிரல்மொழியின் கையேடும் அப்படியே. இரண்டுமே நல்ல கையேடுகள். புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்வேனா? மாட்டேன். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர் மூடாத டேக் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 15

மேன் பக்கம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டளைவரிக் கருவிக்கு வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் மேன் பக்கம் இருக்கவேண்டும் என்பது டெபியன் லினக்ஸின் கொள்கையிலேயே இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை என்றால் அங்கே பொதி செய்கிறவர் (நிரலை நிறுவத் தயாராகக் கட்டித் தருகிறவர்) உட்கார்ந்து எழுதுவார், அப்புறம் அது உங்கள் கையேட்டோடு ஒத்துப்போகாது. மேன் பக்கத்தின் மூல வடிவமான ராஃபின் குறிகளைக் கையால் எழுத அவசியமில்லை, ஸ்பிங்க்ஸ், ஆஸ்கிடாக்டர், வடிவம் மாற்றும் கருவியான பான்டாக் மூன்றுமே மேன் பக்கம் தரும்.

கையால்தான் எழுதுவேன் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ராஃபில் வெறும் கழித்தல் குறி என்பது சொல்லை இணைக்கும் சிறுகோடு, அதற்கு முன்னால் பின்சாய்வு போட்டால்தான் கட்டளைகளில் நாம் தட்டச்சு செய்யும் குறியாகும். சில இடங்களில் வெறும் குறி யூனிக்கோட் சிறுகோடாகவே திரையில் வந்துவிடும். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசகர் அந்தக் கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் "தெரியாத தெரிவு" என்று கருவி திட்டும், அவர் உங்களிடம் வழு அறிக்கை போடுவார், உங்கள் கணினியில் எல்லாம் சரியாகவே ஓடும்.

பிப்ரவரி 18

மொழிபெயர்ப்பு. இது யாரும் சரியாகப் பேசாத பகுதி, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஸ்பிங்க்ஸிலிருந்து கெட்டெக்ஸ்ட் (மென்பொருள் மொழிபெயர்ப்புக்கான கருவித்தொகுப்பு) கோப்புகளை நேரடியாக எடுக்கலாம், தனியாக எதையும் ஒட்டவைக்க வேண்டாம். மூலமும் மொழிபெயர்ப்பும் ஜோடியாக இருக்கும் பிஓ கோப்பில் பத்தி பத்தியாக வரும், மூலப் பத்தி மாறினால் அதன் மொழிபெயர்ப்பு "சந்தேகம்" என்று குறிக்கப்படும், மாறாததைத் தொடவே வேண்டாம். பைத்தான் கையேட்டின் மொழிபெயர்ப்புகள் இந்த வழியில்தான் நடக்கின்றன. மார்க்டவுன், ஆஸ்கிடாக், டாக்புக், மேன் பக்கம் எதுவாக இருந்தாலும் பிஓ4ஏ என்ற கருவி அதே வேலையைச் செய்யும், ஆனால் அமைப்பது உங்கள் பாடு. கோப்பை அப்படியே பிரதி எடுத்து மொழிபெயர்க்கச் சொல்வதுதான் மகா மோசம். மூலம் எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாமல் பழைய பதிப்பின் மொழிபெயர்ப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தமிழில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். தடித்த எழுத்தில் ஒரு பொத்தானின் பெயர், அதோடு ஒட்டி ஒரு "யை". ஆர்எஸ்டியில் `**சேமி**யை` என்று எழுதினால் தடிக்காது, ஏனென்றால் மூடும் குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரவேண்டும் என்பது அதன் விதி. `**சேமி**\ யை` என்று பின்சாய்வும் இடைவெளியும் போடவேண்டும், வெளியீட்டில் அந்த இடைவெளி தெரியாது. ஆஸ்கிடாக்கில் ஒற்றை விண்மீன் சொல்லின் எல்லையில் மட்டும்தான் வேலை செய்யும், உருபு ஒட்டினால் இரட்டை விண்மீன் போடவேண்டும். காமன்மார்க்கில் `**சேமி**யை` சிக்கலில்லாமல் தடிக்கும். அங்கே பொறி வேறு இடத்தில்: `**"சேமி"**யை` என்று மேற்கோளை உள்ளே வைத்தால் மூடாது, விண்மீன்கள் அப்படியே திரையில் தெரியும். `"**சேமி**"யை` என்று மேற்கோளை வெளியே தள்ளினால் சரியாகிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இதை எல்லாம் பார்த்திருக்கவே மாட்டார். மொழிபெயர்ப்பாளர் குறிகளைக் கெடுத்துவிட்டார் என்று புலம்புவார்.

பிப்ரவரி 18, தொடர்ச்சி

தலைப்புகளும் அப்படித்தான். ஆர்எஸ்டியில் தலைப்புக்கு அடியில் கோடு இழுக்கவேண்டும், அது தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் எச்சரிக்கை வரும். உயிர்மெய்யின் குறிகளை அது தனித்தனியாக எண்ணுவதால் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற கோடும் குட்டை என்று சொல்லும். நீளமாக இழுத்துவிடுங்கள், நீளம் அதிகமானால் அது கேட்பதில்லை.

எம்கேடாக்ஸில் வேறு கூத்து. தலைப்பிலிருந்து லிங்குக்கான பெயரை உருவாக்கும்போது இயல்பாக ஆஸ்கி எழுத்தை (ஆங்கில எழுத்து, எண் போன்றவை) மட்டும் வைத்துக்கொள்ளும். முழுத் தமிழ்த் தலைப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை, ஆகவே `_1`, `_2`, `_3` என்று வரிசையாகப் பெயர் வைக்கும். நடுவில் ஒரு புதிய தலைப்பைச் செருகினால் அதற்குக் கீழே எல்லா எண்ணும் ஒன்று தள்ளும், வெளியே யாரோ கொடுத்திருந்த லிங்க் வேறு பகுதியில் போய் நிற்கும். உடையவும் உடையாது, தப்பான இடத்தைக் காட்டும். அமைப்புக் கோப்பில் யூனிக்கோடைத் தாங்கும் பெயராக்கியை இட்டுவிடலாம், அல்லது முக்கியமான தலைப்புகளுக்கு நீங்களே பெயர் சூட்டிவிடலாம். இரண்டாவதுதான் என் கட்சி, ஏனென்றால் தலைப்பின் சொல் மாறினாலும் லிங்க் பிழைக்கும்.

பிப்ரவரி 21

"எதைத் தேர்ந்தாலும் பின்னால் பான்டாக் வைத்து மாற்றிக்கொள்ளலாமே" என்கிறார் ஒருவர். மாற்றலாம். பான்டாக் அற்புதமான கருவி, காமன்மார்க்கை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் மெக்ஃபார்லேன் எழுதியது. அது பத்தியை மாற்றும், பட்டியலை மாற்றும், எளிய அட்டவணையை மாற்றும். உங்கள் தளம் கட்டும் கருவிக்கே உரிய குறுங்கட்டளைகள், தாவல் பெட்டிகள், பக்கத்துக்குள் செருகிய ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள் ஆகியவற்றை அது என்ன செய்யும்? அப்படியே எழுத்தாகக் கொட்டும், அல்லது விழுங்கும்.

நான் ஏற்று நடத்திய ஒரு திட்டத்தின் கையேடு பெயருக்கு மார்க்டவுன். எச்சரிக்கைப் பெட்டி மட்டும் ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு விதமாக இருந்தது: சில இடங்களில் மூன்று ஆச்சரியக்குறி, சில இடங்களில் சுருள் அடைப்பு, சில இடங்களில் வெறும் எச்டிஎம்எல். கையேடு எந்தெந்தத் தளக் கருவிகளில் குடியிருந்தது என்பதை அந்தப் பெட்டிகளை வைத்தே சொல்லிவிடலாம். மார்க்டவுனிலிருந்து மார்க்டவுனுக்கு மாற்றும் வேலைதான் அங்கே என்னை அதிகம் வாட்டியது.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேலாகச் சுற்றி வந்து நான் சொல்ல வருவது: உங்களைக் கட்டிப்போடுவது வடிவம் இல்லை, நீங்கள் அதில் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகள். சுத்தமான காமன்மார்க்கோ, ஆர்எஸ்டியோ, ஆஸ்கிடாக்கோ எதுவானாலும் வேறொன்றுக்கு நகர்த்திவிடலாம். ஆஸ்கிடாக்கை டாக்புக்காக வெளியிட்டு அங்கிருந்து பான்டாக்கிடம் கொடுக்கலாம், சுற்றுவழிதான், ஆனால் ஓடும். நீட்சி மேல் நீட்சியாக ஏற்றிய கோப்பு எங்கேயும் நகராது.

பிப்ரவரி 22

ஸ்பிங்க்ஸும் நீட்சிகளின் கூடாரம்தானே, அதைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்லலாமா என்று உடனே கேள்வி. நியாயமான கேள்வி. வித்தியாசம் இது: ஆர்எஸ்டியில் நீட்சியை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு மொழியிலேயே நிலையான ஓர் அச்சு இருக்கிறது. இரண்டு புள்ளி, பெயர், இரண்டு முக்காற்புள்ளி, உள்ளே தள்ளிய உள்ளடக்கம். தெரியாத பெயர் வந்தால் "இதை எனக்குத் தெரியாது" என்று பிழை காட்டும். மார்க்டவுனில் அந்த அச்சு இல்லாததால் ஆளாளுக்கு ஒரு குறி கண்டுபிடித்தார்கள், தெரியாததை அது பத்தியாக நினைத்துக் காட்டிவிடும். ஆனாலும் ஸ்பிங்க்ஸில் நாற்பது நீட்சி போட்டு வைத்திருப்பவருக்கு என் அனுதாபங்கள், அவரும் எங்கேயும் போகமுடியாது.

பிப்ரவரி 24

குனுவின் கம்பைலரான ஜிசிசி நினைவுக்கு வருகிறது. அதன் கையேடு டெக்ஸ்இன்ஃபோ, குனு திட்டத்தின் அதிகாரபூர்வ ஆவண வடிவம். 2022 நவம்பரில் மொத்தத்தையும் ஸ்பிங்க்ஸுக்கு மாற்றி மெர்ஜ் செய்தார்கள், சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பெரிய திட்டத்தில் வடிவத்தை மாற்றுவது என்றால் வாசகர்களின் பழைய லிங்குகள், டெக்ஸ்இன்ஃபோ கையேடுகளைத் திறக்கும் இன்ஃபோ வாசிப்பான் பழக்கம், பொதி செய்கிறவர்களின் கணினியில் இருக்கும் கருவிப் பதிப்பு எல்லாமே சேர்ந்து மாறவேண்டும். டெக்ஸ்இன்ஃபோவைக் கிண்டல் செய்கிறவர்கள் எமேக்ஸ் என்ற உரைத்திருத்திக்குள் அதன் அகரவரிசைக் குறிப்பில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து கிண்டல் செய்யட்டும். கையால் கட்டிய சொல்லடைவு தரும் பதிலைத் தேடல் பெட்டி தருவதில்லை.

பிப்ரவரி 25

உரிமம் பற்றிக் கேட்டது தனிக் கதை, சுருக்கமாக: கையேட்டுக்கு குனு எஃப்டிஎல் (கட்டற்ற ஆவண உரிமம்) போடுவதாக இருந்தால் மாற்றக்கூடாத பகுதிகள் எதையும் வைக்காதீர்கள். அப்படி இருந்தால் டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்காது, 2006இல் ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். மாதிரி நிரல்களுக்கு உங்கள் மென்பொருளின் உரிமத்தையே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையேட்டிலிருந்து நாலு வரி எடுத்து ஒட்டுகிறவர் தெரியாமலேயே உரிமச் சிக்கலில் மாட்டுவார்.

மார்ச் 2

உங்களுக்கான பதில், நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து: ஸ்பிங்க்ஸ் இயந்திரம். நிரலகத்தின் செயற்கூறு பக்கங்கள் ஆர்எஸ்டியில், ஏனென்றால் நிரலுக்குள் இருக்கும் விளக்கங்களைத் தானாக இழுத்து வருவது அங்கேதான் பழகிய பாதை. மற்ற பக்கங்கள் மிஸ்ட் மார்க்டவுனில், அங்கேதான் வெளியாட்கள் திருத்தம் அனுப்புவார்கள். நீட்சிகளை ஒரு கை விரலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு கெட்டெக்ஸ்ட் வழியாக.

இரண்டு மொழி கலப்பது அசிங்கம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பேட்ச் அனுப்புகிறவருக்கு அவர் தொடும் கோப்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது, மற்ற கோப்பு எதில் இருந்தால் அவருக்கென்ன?

செயற்கூறு பக்கங்களே இல்லாத சின்னக் கருவி என்றால், மறுபேச்சில்லை, வெறும் காமன்மார்க்கும் ஒரு மேன் பக்கமும் போதும்.

மார்ச் 5

விக்கியை எப்போது மூடுவது என்று கேட்டிருந்தீர்கள். மாற்றி முடித்த அன்றே எழுதும் வசதியை நிறுத்திவிடுங்கள், பக்கங்களை மட்டும் கொஞ்ச காலம் விட்டுவையுங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் புதிய முகவரி. இரண்டு இடத்திலும் எழுதலாம் என்று விட்டால் மக்கள் பழைய இடத்தில்தான் எழுதுவார்கள்.

மார்ச் 9

கடைசியாக வந்த கேள்வி, வரியை எங்கே உடைப்பது. எண்பது எழுத்தில் உடைத்தால் ஒரு சொல்லைத் திருத்தும்போது பத்தி முழுக்க மறுபடி ஓடி, டிஃப் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வரும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். மார்க்டவுன், ஆர்எஸ்டி, ஆஸ்கிடாக் மூன்றிலும் பத்திக்குள் வரும் வரிமுறிவு வெறும் இடைவெளிதான், வெளியீட்டில் ஒரே பத்தியாகவே சேரும். கிட்ஹபின் இஷ்யூ கமென்டுகள் மட்டும் விதிவிலக்கு, அங்கே என்டர் அடித்தால் வரி உண்மையிலேயே உடையும். கையேட்டிலிருந்து ஒரு பத்தியை அங்கே ஒட்டிவிட்டு, ஏன் இப்படி உடைந்து கிடக்கிறது என்று தயவுசெய்து என்னிடம் வராதீர்கள்.